வேப்பேரிப் பெப்ரீசியுஸ் ஐயர்

மேனாட்டினின்று ஈண்டுப் போந்து தமிழ் பயின்றாருள் வீரமாமுனிவரை நம்மவர் நன்கறிவர். போப்பையரையும் கால்டுவெல் ஐயரையும் அறிவர். நம் மயிலாப்பூருக்கு அணித்தாய வேப்பேரியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழ்க் கிறிஸ்தவர் நாவிற் புழங்கும் மொழிக்கே உருக்கொடுத்த பெப்ரீசியுஸ் ஐயரை அறிந்தார் மிகச் சிலரே. நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அவரை அறிதல் நன்றெனக் கருதி இதனை எழுதலாயினேன்.

அவர் ஜெர்மனி தேசத்தில் கிளேபெர்க் என்னும் ஊரில் 1711-ஆம் ஆண்டு பிறந்தார். முதற்கண் சட்டநூல் பயின்று, பின் அதனை விடுத்து ஹாலே நகரஞ் சென்று இறைநூல் கற்றார். அந்நகரின் இயல்பு கூறாக்கால் இவர் வாழ்வு விளங்காது. லூத்தர் 1517-இல் தொடங்கிய சீர்திருத்தம் ஒன்றரை நூற்றாண்டிற்குள் வெறுங் கொள்கை வாதமாய் இறுகிற்று. குருமார் தருக்கம் புரிந்தனர். குடிகள் வாளா கேட்டிருந்தனர். இதற்கு வருந்திய ஸ்பேனர் என்பார் 1675-இல் சிறு நூலொன்று இயற்றி, குடிமக்கள் தாமே வேதத்தை ஒருங்குகூடி ஓதி, உள்ளம் திரும்பி ஒழுகுதல் வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர்வழி நின்ற பிராங்கே ஹாலேயில் அனாதைச் சாலையும் பள்ளிகளும் நிறுவினார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் இம்மரபினரே. இங்கிலாந்தில் 1738-இல் வெஸ்லியின் நெஞ்சைத் திருப்பிய மொராவியக் கூட்டத்தாரும் இவ்வூற்றிற் கிளைத்தவரே. இக்காலத்துச் சென்னையில் இல்லங்களிற் கூடிச் செய்யும் ஜெபக்கூட்டமும், கையில் வேதப்புத்தகமின்றிக் கோயிலுக்குப் புறப்படாத வழக்கமும் நேற்று முளைத்தன அல்ல.

பெப்ரீசியுஸ் 1740-இல் தரங்கம்பாடி சேர்ந்து, 1742-இல் சென்னைக்கு வந்து சிறியதொரு சபையின் பொறுப்பை ஏற்றார். காலமோ கொடிது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கவர்ந்தனர். சபையின் கட்டடங்கள் அழிந்தன. ஐயர் பழவேற்காட்டிற் புகலடைந்தார். நகரம் ஆங்கிலேயர்க்கு மீண்டபின், வேப்பேரியில் கத்தோலிக்கர் கையிலிருந்த கோயில் இவர் சபைக்கு அளிக்கப்பட்டது. இக்காலத்துப் புனித மத்தியா ஆலயம் அதன் வழிவந்ததே. 1758-இல் லாலி படையெடுத்தபோது அவ்விடமுங் கொள்ளைபோயிற்று. மறுபடியும் பழவேற்காடே கதியாயிற்று.

இத்துணை அலைச்சலிடையும் அவர் கைவிடாத பணி ஒன்றுண்டு. சீகன்பால்கு ஐயர் தொடங்கிச் சூல்ட்சு ஐயர் முடித்த வேத மொழிபெயர்ப்பு, ஓசையிலும் தெளிவிலும் குறையுடையதெனக் கண்டு, அதனைத் திருத்தப் புகுந்து ஈற்றில் புதிதாகவே ஆக்கினார். முன்னவர் கடவுளுக்கு வழங்கிய சர்வேசுரன் என்னும் பெயரை நீக்கிப் பராபரன் என்னும் பெயரை அமைத்தார். அது தாயுமான அடிகள் கண்ணிதோறும் விளித்த பெயரென்பதை நம்மவர் உணர்வர். புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சாயிற்று.

அவ்வச்சுப்பொறி வந்த வரலாறு சுவையுடையது. 1761-இல் ஆங்கிலப் படைத்தலைவர் கூட்டு புதுச்சேரியை வென்றபோது கைப்பற்றிய பொறியே அது. அரசாங்கத்தார்க்கு வேண்டுவனவும் அச்சிட்டுத் தருதல் வேண்டுமென்னும் நிபந்தனையோடு ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1779-இல் ஏறத்தாழ 9,000 சொற்கள் அடங்கிய தமிழ் ஆங்கில அகராதியை, உடனுழைத்த பிரைத்தாப்டு ஐயரோடு வெளியிட்டார். ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் தமிழாக்கினார்.

இத்தமிழைப் பாதிரித் தமிழ் என்று இகழும் புலவர் உளர். இலக்கண நோக்காற் பார்ப்பின் அவர் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. வடசொல் மிகுதி, வேற்றுமொழித் தொடரமைதியும் உண்டு. எனினும் தேம்பாவணி கற்றார்க்கென்றே எழுந்தது. இதுவோ, ஒவ்வொருவரும் இடையாளரின்றி வேதத்தைத் தாமே ஓதி உணர்தல் வேண்டுமென்னும் கோட்பாட்டினின்று பிறந்தது. உழவனுக்கும் வேலைக்காரிக்கும் செவியில் ஏறாத நடை அக்கோட்பாட்டையே பொய்யாக்கிவிடும். ஆகவே கோட்பாடே நடையை ஆக்கிற்று என்பது என் துணிபு.

முதுமையில் அவர்க்கு நேர்ந்தது இரங்கத்தக்கது. தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பணத்தை வட்டிக்குக் கொடுத்தார்; பெற்றோர் திருப்பினாரில்லை. கடன் பெருகி, வேதத்தைத் தமிழாக்கிய அம்முதியவர் சிறை புகுந்தார். தந்நலங் கருதிப் பொருளீட்டினாரென்று கூறுதற்கு இடமில்லை; உலகியல் அறியாமையே அவரைக் கெடுத்தது. ஆயினும் பிறர் பொருள் அழிந்தது அழிந்ததே. அதனை மூடி மறைத்தல் வரலாறாகாது. 1788-இல் கெரிக்கே ஐயரிடம் பொறுப்பை விடுத்து, 1791 ஜனவரி 23-ஆம் நாள், எண்பது நிறைந்த மறுநாளில், உயிர் நீத்தார்.

நூலோ நிலைத்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் துணையோடு பெர்சிவல் பாதிரியார் 1850-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நடைத்தூய்மையிற் சிறந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் அதனை ஏற்றிலர். பவர் ஐயர் குழுவினர் 1871-இல் முடித்த பதிப்பு, பராபரனுக்குத் தேவன் என மாற்றிற்றாயினும், வேப்பேரி நடையையே அடியாகக் கொண்டது. லூத்தரன் சபையார் அதனையும் எளிதில் ஏற்காது, பெப்ரீசியுஸின் நூலையே நெடுங்காலம் ஓதிவந்தனர். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருங்கியைந்து திருவிவிலியம் என்னும் பெயரால் எளிய நற்றமிழிற் புதியதொன்று வெளியிட்டனர். சுவிசேஷ சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அதனைப் பெரும்பாலும் கைக்கொண்டிலர். அவர் கூட்டங்களில் இன்றும் ஓதப்படுவது அப்பழைய பதிப்பே.