வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும்: உதய் சங்கர் (1900–1977)

கடந்த கிறிஸ்துமஸ் காலத்தில், ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தேவாலயத்தின் பாடல் நிகழ்ச்சிக்கு மேடை விளக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பின்னால் பெரிய எல்.இ.டி. திரை, இரு பக்கமும் நிறம் மாறும் விளக்குகள், புகை இயந்திரம். கிடைத்த அனைத்தையும் முழு அளவில் போட்டுவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பாட்டி என்னிடம் வந்து, பாடகர் குழுவில் தம் பேரன் எந்த வரிசையில் நின்றான் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் முன்வரிசையில் அமர்ந்திருந்தவருக்குப் பேரனின் முகம் தெரியவில்லை!

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேடை விளக்கைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் உதய் சங்கரின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது. உலகம் அவரை நாட்டியக் கலைஞராக அறியும். சித்தார் மேதை ரவி சங்கரின் மூத்த அண்ணன் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் மாணவர்களே, அவர் வாழ்நாள் முழுவதும் ஒளியையும் திரையையும் சோதித்துப் பார்த்த மனிதரும்கூட.

ஓவியம் படிக்கப் போனவர்

உதய் சங்கர் 1900 டிசம்பர் 8-ஆம் நாள், ராஜஸ்தானின் உதய்ப்பூரில் ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்று, 1920-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே முதல்வராக இருந்த வில்லியம் ரோதன்ஸ்டைன், ஐரோப்பிய பாணியைப் பின்பற்றுவதோடு நிற்காமல், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தியக் கலைப்பொருள்களையும் கூர்ந்து பார்க்கும்படி அவரைத் தூண்டினார்.

அக்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவா, இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். முறையாக எந்தச் செவ்வியல் நடனமும் பயிலாத அந்த ஓவிய மாணவர், 1923-இல் அவருக்காக இரண்டு நடனங்களை அமைத்தார். ஒன்றில் பாவ்லோவா ராதையாகவும் அவர் கிருஷ்ணனாகவும் ஆடினார்கள். பிறகு பாவ்லோவாவின் குழுவோடு அமெரிக்கா வரை பயணம் செய்தார்.

பாவ்லோவாவை விட்டுப் பிரிந்த பிறகு வந்தவை கடினமான ஆண்டுகள். பாரிஸில் இரவு விடுதிகளில்கூட ஆடிப் பிழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் தூரிகையை வைத்துவிட்டாலும் ஓவியரின் கண்ணை விடவில்லை. மேடை அவருக்கு ஒரு சட்டம்; அதற்குள் எது வெளிச்சத்தில் இருக்க வேண்டும், எது இருளில் மறைய வேண்டும் என்று யோசிப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது.

வெறுமையான மேடை

அன்றைய மேடைகள் எப்படி இருந்தன என்பதற்கு நம் பினாங்கே நல்ல சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இங்கே பிறந்ததுதான் பங்சாவான். அரண்மனை, காடு, தெரு என்று காட்சிக்கு ஒரு படுதா வரைந்து தொங்கவிடுவார்கள். தமிழ் நாடகக் கம்பெனிகளும் இப்படிப்பட்ட படுதாக்களையே நம்பியிருந்தன.

உதய் சங்கர் வேறு வழியில் போனார். சுவிஸ் நாட்டுச் சிற்பி அலீஸ் போனரின் உதவியோடு அவர் உருவாக்கிய குழு, 1931 மார்ச் 3-ஆம் நாள் பாரிஸின் ஷான்ஸ்-எலிசே அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பின்னால் எளிய திரைச்சீலைதான். அதன் முன்னே இசைக் கலைஞர்கள் தங்கள் கருவிகளோடு பார்வையாளர் கண்ணில் படும்படி அமர்ந்திருந்தார்கள். அவர்களும் அந்த வாத்தியங்களுமே மேடையின் அலங்காரம். வெளிச்சம் ஆடுபவரின் உடல்மீது விழுந்தது.

அந்தக் குழுவில் ஒரு சிறுவனாக இருந்த ரவி சங்கர், மேடையை எப்படி அமைப்பது, ஒளியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அண்ணனிடமே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தம் சித்தார் கச்சேரிகளின் மேடை அமைப்பில் அவர் காட்டிய அக்கறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அல்மோராவின் வெள்ளைத் திரை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழின் உச்சியில் இருந்தபோது, உதய் சங்கர் இந்தியாவுக்குத் திரும்பினார். இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் ஒரு கலை மையத்தைத் தொடங்கினார். வெவ்வேறு மரபுகளின் ஆசான்கள் அங்கே ஒன்றுகூடினார்கள். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான், பரதநாட்டியத்துக்கு நம் தமிழகத்தின் கந்தப்ப பிள்ளை. பாலசரஸ்வதியின் குருவும் இந்தக் கந்தப்ப பிள்ளைதான்.

1941-இல் அங்கே அவர் இராமாயணத்தை நிழல் நாடகமாக அரங்கேற்றினார். மலைச்சரிவில் திறந்தவெளியில் ஒரு பெரிய வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் விளக்கு. இரண்டுக்கும் நடுவே நடனக் கலைஞர்கள். முன்னால் அமர்ந்திருந்த மலைக் கிராம மக்கள் அவர்களுடைய நிழல்களை மட்டுமே பார்த்தார்கள்.

கிளந்தானின் வாயாங் கூலிட்டையும் தமிழகத்தின் தோல்பாவைக் கூத்தையும் நாம் அறிவோம். அவற்றில் நிழல் தருவது தோலில் வெட்டிய பாவை. இங்கே நிழல் தந்தது மனித உடல்.

இதன் அறிவியல் எளிது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. நீங்கள் திரையை ஒட்டி நின்றால் நிழல் ஏறக்குறைய உங்கள் அளவிலேயே, கூர்மையாக விழும். விளக்கை நோக்கி நகர நகர நிழல் பெரிதாகும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவர் குரங்காகவும் மற்றவர் மலைபோன்ற அரக்கராகவும் தெரிய, சில அடிகள் தள்ளி நின்றால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

சென்னையில் எடுத்த கனவு

ஆனால் கலை மையத்தை நடத்தப் பணம் வேண்டுமே! போர்க்காலத்தில் நிதி வறண்டது. 1944-இல் அல்மோரா மையம் மூடப்பட்டது. அவர் கட்டியெழுப்பிய கனவு சில ஆண்டுகளே நீடித்தது.

அந்த இழப்பையே அவர் ஒரு திரைப்படமாக்கினார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948-இல் வெளிவந்த ‘கல்பனா’, கலை மையம் ஒன்றை அமைக்கத் துடிக்கும் நடனக் கலைஞனின் கதை. அவரும் மனைவி அமலாவும் முக்கிய வேடங்களில் நடித்தார்கள். ஒளிப்பதிவு செய்தவர், பின்னாளில் ‘ஏழை படும் பாடு’ படத்தை இயக்கிய கே. ராம்நாத். நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான்.

படம் வசூலில் தோற்றது. ஆனாலும் ஒளியும் நிழலும் உடலும் சேர்ந்து பேசும் அந்தக் காட்சிகளைக் காலம் கைவிடவில்லை. 64 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல், மார்ட்டின் ஸ்கோர்செசியின் அமைப்பு கல்பனாவைச் சீரமைத்துக் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. அதைப் பார்க்க உதய் சங்கர் இல்லை.

திரையிலிருந்து இறங்கியவர்கள்

இரண்டு பெரிய தோல்விகளுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1950-களில் புத்தரின் வாழ்க்கையை நிழல் நாடகமாக்கினார். 1970-களின் தொடக்கத்தில், எழுபது வயதைத் தொட்ட நிலையில், கொல்கத்தாவில் ‘சங்கர்ஸ்கோப்’ என்ற புதிய முயற்சியில் இறங்கினார். மேடையில் திரைப்படம் ஓடும். படத்தில் வரும் பாத்திரம் நடந்து வந்து, திரையைக் கடந்து, உயிருள்ள மனிதராக மேடையில் இறங்கி ஆடும். நாம் இன்று எல்.இ.டி. திரையை வைத்துச் செய்ய முயல்வதை, கணினி உதவி இல்லாத காலத்தில் அவர் செய்து காட்டினார். அங்கேயும் திரை, கலைஞர் வெளியே வருவதற்கான வாசலாகவே இருந்தது.

1971-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1977 செப்டம்பர் 26-ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் காலமானார்.

என் தவறு எங்கே?

இவரைப் படித்த பிறகு என் தவறு புரிந்தது. நம் கண் எப்போதும் மிகப் பிரகாசமான இடத்துக்கே தன்னைச் சரிசெய்துகொள்ளும். பின்திரை முகங்களைவிடப் பிரகாசமாக இருந்தால், முன்னால் நிற்பவர்கள் நிழல்களாகிவிடுவார்கள். உதய் சங்கர் தெரிந்தே, ஒரு கதைக்காக, மனிதர்களை நிழலாக்கினார். நான் தெரியாமல் ஒரு பாடகர் குழு முழுவதையும் நிழலாக்கிவிட்டேன்!

ஈஸ்டர் நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் திரையின் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். புகை இயந்திரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். இரண்டு சாதாரண வெள்ளை விளக்குகளை முன்பக்கம், இடமும் வலமுமாகச் சற்று உயரத்தில் பொருத்தினேன். பிறகு கடைசி வரிசை இருக்கைக்குப் போய் அமர்ந்து, ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேர். அனைவரும் தெரிந்தார்கள்.

உங்கள் பள்ளியிலும் கலை நிகழ்ச்சி வரும். கருவி இல்லை, பணம் இல்லை என்று தயங்க வேண்டாம், நண்பர்களே. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையும் ஒரு மேசை விளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, ஒருவரை நடுவில் நிற்க வைத்து, விளக்கை மெல்ல நகர்த்திப் பாருங்கள். மற்றதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.