எரிமலையின் விளிம்பில் ஒரு மனிதர்

1902 மே 8ஆம் திகதி காலை, கரீபியன் கடலிலுள்ள மார்டினிக் தீவின் பெலே எரிமலை வெடித்தது. அடிவாரத்திலிருந்த சென் பியேர் நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது ஆறாக ஓடும் எரிமலைக் குழம்பு அன்று; மலைச்சரிவில் புயல்வேகத்தில் இறங்கிய கொதிக்கும் வாயுவும் சாம்பலுமே. பல நாட்களாகச் சாம்பல் விழுந்தது, கந்தக நெடி வீசியது. இருந்தும் நாட்டுப்புற மக்கள் பலர், பாதுகாப்பென்று நம்பி அந்த நகரத்துக்கே வந்து சேர்ந்திருந்தனர்.

இரண்டு கிழமைக்குள் அங்கே கப்பலில் போய் இறங்கியவர்களுள் ஒருவர் தோமஸ் ஜாகர். 1871இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் கற்பித்தவர். அந்தச் சாம்பல் மேட்டைக் கண்டபின் அவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை. வெடித்த பிறகு ஓடிப்போய்க் குறிப்பெழுதுவதால் ஓர் உயிரையும் காக்க முடியாது, எரிமலையின் பக்கத்திலேயே குடியிருந்து அது அமைதியாக இருக்கும் நாளிலும் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1912இல் ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலை விளிம்பில் அவரது ஆய்வு நிலையம் எழுந்தது. கருவிகளுக்கான நிலவறையைத் தோண்டியவர்கள் சிறைக்கைதிகள். குழம்பு அடியில் திரளும்போது சிறு அதிர்வுகள் பெருகும், மலையின் தரை இம்மியளவு உப்பிச் சாயும். குழம்பு வடிந்தால் மறுபக்கம் சாயும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வைப் புவிநடுக்கமானியின் ஊசி காட்டிக்கொடுத்தது. 1917இல் அவர் மணந்த இஸபெலும் அந்த விளிம்பிலேயே வாழ்ந்து வேலையில் பங்கெடுத்தார். எரிமலையைவிடப் பணத்தட்டுப்பாடுதான் அவர்களை அதிகம் வருத்தியது.

1923 பெப்ரவரியில் அந்த ஊசி, வெகு தொலைவில் கம்சட்காவில் நிகழ்ந்த பெரும் புவிநடுக்கத்தைப் பதிந்தது. கடல் பொங்கி வரலாம் என்று ஜாகர் ஹிலோ துறைமுகத்துக்கு அறிவித்தார். அதைப் பெரிதாக எடுப்பாரில்லை. சில மணித்தியாலங்களில் அலை வந்தது; மீனவர் உயிரும் போனது. (2004 மார்கழியில் யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்று எங்கள் உம்மாமார் இன்றும் சொல்வதுண்டு. ஜாகர் சொல்லியும் இருந்தார்!) 1933இல் யப்பான் கரையில் பூமி அதிர்ந்தபோது அவர் மீண்டும் அறிவித்தார். இம்முறை கேட்டார்கள். படகுகள் ஒதுங்கின, ஹிலோவில் ஒருவரும் சாகவில்லை.

எல்லாவற்றிலும் அவர் வென்றார் என்று சொல்ல மாட்டேன். 1935இல் மௌனா லோவாவின் குழம்பு ஹிலோவை நோக்கி வந்தபோது, இராணுவ விமானங்களைக் கொண்டு அதன்மேல் குண்டு போடச் செய்தார். சில நாட்களில் குழம்பு நின்றது. குண்டுகளால்தான் நின்றது என்றார் அவர். அது தானாகவே ஓயவிருந்தது என்றார்கள் வேறு விஞ்ஞானிகள்.

1940இல் அவர் ஓய்வு பெற்றார். 1946 ஏப்ரல் 1ஆம் திகதி, எந்த அறிவிப்பும் இன்றி ஹவாயில் அலை ஏறியது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் ஹிலோவில். மூன்று ஆண்டுகளின் பின் ஹவாயில் சுனாமி எச்சரிக்கை நிலையம் அமைந்தது. ஜாகர் அதைக் கண்ட பிறகே 1953 ஜனவரியில் காலமானார்.