மதுரைக் காலும் ஓவிய டாக்டரும்

குட்டீஸ், அமராவதிபுதூர்ப் பக்கம் செருப்பில்லாமல் ஓடினால் கருவேல முள் குத்துமே! பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துவிடுவீர்கள். ஆனால், முள்ளோடு மண்ணில் வாழும் பூஞ்சையும் உள்ளே போய்விட்டால்? அவ்வளவாக வலிக்காது. வருடக்கணக்கில் கால் வீங்கும். பிறகு துளைகள் விழுந்து, கறுப்பு மணிகள் வெளியே வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்து மதுரையில் டாக்டர் கில் 1842-ல் இதை எழுதி வைத்தார். 'மதுரைக் கால்' என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. மல்லிகைக்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு புகழ்!

காரணம் பூஞ்சைதான் என்று சொன்னவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 1831-ல் இங்கிலாந்தில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார், படமும் வரைந்தார். 1858-ல் வந்த 'கிரேஸ் அனாட்டமி' புத்தகத்தின் 363 படங்களும் இவர் வரைந்தவை. பெயர் கிடைத்ததோ எழுதிய கிரேவுக்கு!

அதே ஆண்டு பம்பாய் வந்தார். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே, ஏழை உழவர்களிடமிருந்து வெட்டியெடுத்த கால்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1860-ல் நோய்க்கு 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். 1874-ல் தனிப் புத்தகமே எழுதினார். சிலருக்கு இது பாக்டீரியாவால் வருகிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

பல பூஞ்சைகள் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் பிடிக்கும். இதுவோ திடமான உழவரையும் விடாது. இன்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் காலைக் காப்பாற்றலாம்.

கார்ட்டர் 1897-ல் காலமானார். கறுப்பு மணி தரும் அந்தப் பூஞ்சைக்குப் பின்னாளில் வைத்த பெயர் என்ன தெரியுமா? மதுரெல்லா!