உயிர் காத்த விளக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பாறைக் கிணறு வெட்டுவோருக்குத் தெரியும்: ஊற்று பாறை வெடிப்பில்தான் கசியும். நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படிக் கசிவது வாயு! மேலேயுள்ள பூமியின் பாரம் வெடிப்புகளை இறுக்கி வைத்திருக்கும். கரியை வெட்டியதும் அழுத்தம் தளரும், வெடிப்பு விரியும், வாயு சீறி வரும். விளக்குச் சுடர் பட்டால் வெடிக்கும். 1812-ல் இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கத்தில் இப்படி 92 பேர் மாண்டனர்.

இதற்கு வழி தேடியவர் ஸர் ஹம்ப்ரி டேவி. 1778-ல் மரச் சிற்பியின் மகனாகப் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, வைத்தியரிடம் தொழில் பழகி, விஞ்ஞானியாக உயர்ந்தவர். 1815-ல் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை அமைத்தார். வலை சூட்டை வாங்கிக்கொண்டது. நெருப்பு வெளியே தாவவில்லை.

பேட்டண்ட் வாங்கிப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. 1829-ல் காலமானார். அந்த விளக்குக்கு இன்றும் அவர் பெயர்தான்!