வில்லியம் டெம்பிள் ஹார்னடே

வில்லியம் டெம்பிள் ஹார்னடே (டிசம்பர் 1, 1854 – மார்ச் 6, 1937) அமெரிக்க விலங்கியலாளரும் நூலாசிரியரும் காட்டுயிர்ப் பாதுகாப்பு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். இறந்த விலங்குகளின் உடல்களைப் பாடம் செய்யும் கலையில் தேர்ந்தவராகத் தம் பணியைத் தொடங்கிய இவர், பின்னர் நியூ யார்க் நகரின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலையின் முதல் இயக்குநராக 30 ஆண்டுகள் பணியாற்றினார். அமெரிக்கக் காட்டெருது முற்றாக அழியாமல் காக்கப்பட்டதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளை வேட்டைக்கு அனுமதிக்கலாகாது என்று முதன்முதலில் வலுவாகக் குரல் எழுப்பியவர்களுள் இவரும் ஒருவர். அரைத்தானியங்கி ரைபிள்களை வேட்டையில் அனுமதிப்பதா என்று அமெரிக்காவில் நடந்த விவாதத்தின் வேர்கள் இவர் காலத்திலேயே ஊன்றப்பட்டன.

இளமைக் காலம்

ஹார்னடே இந்தியானா மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அயோவா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பதின்ம வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் படித்த காலத்தில் பாடம் செய்யும் கலையில் ஆர்வம் கொண்டார். 1873இல் நியூ யார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஹென்றி வார்டு என்பவர் நடத்திவந்த நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். அருங்காட்சியகங்களுக்கு விலங்கு மாதிரிகளைத் தயாரித்து விற்பது அந்நிறுவனத்தின் தொழில். அதற்காகப் புளோரிடா, கியூபா, வெனிசுவேலா முதலிய இடங்களுக்குச் சென்று விலங்குகளைச் சேகரித்தார்.

ஆசியப் பயணம்

1876 முதல் 1879 வரை வார்டு நிறுவனத்தின் சார்பில் எகிப்து, இந்தியா, இலங்கை, மலாயா, போர்னியோ ஆகிய நாடுகளில் ஹார்னடே பயணம் செய்தார். 1877இல் தமிழகத்தின் நீலகிரியிலும் ஆனைமலையிலும் தங்கி யானை, புலி, காட்டெருமை ஆகியவற்றை வேட்டையாடினார். காட்டில் தடம் அறிந்து வழிகாட்டுவதற்கு ஆனைமலைப் பழங்குடியினரையே இவர் நம்பியிருந்தார். போர்னியோவில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களைச் சேகரித்தார். இப்பயண அனுபவங்களை விவரிக்கும் 'காட்டில் இரண்டு ஆண்டுகள்' என்னும் நூல் 1885இல் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. விலங்குகளின் எண்ணிக்கை குறைவது பற்றிய கவலை அக்காலத்தில் இவரிடம் மேலோங்கியிருக்கவில்லை.

காட்டெருதும் மனமாற்றமும்

1882இல் வாஷிங்டனில் இருந்த ஐக்கிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைப் பாடம் செய்வோராக ஹார்னடே பொறுப்பேற்றார். அருங்காட்சியகத்தில் நல்ல காட்டெருது மாதிரிகள் இல்லாததை அறிந்து, 1886இல் அவற்றைத் தேடி மொன்டானாவுக்கு இரு முறை சென்றார். ஒரு காலத்தில் பல மில்லியன் எருதுகள் மேய்ந்த சமவெளியில் வெளிறிய எலும்புகளே கிடந்தன. எஞ்சியிருந்த சிலவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை இவரது குழுவினர் அருங்காட்சியகத்துக்காகச் சுட்டனர். அழியும் இனத்தின் கடைசி விலங்குகளைச் சுட்டேனும் அதன் உருவத்தை வருங்காலத்தவருக்குக் காட்டவேண்டும் என்பது அன்றைய அறிவியல் உலகின் பொதுவான கருத்தாக இருந்தது.

இவர் அமைத்த ஆறு காட்டெருதுகளின் காட்சித்தொகுதி 1888இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1889இல் வெளியான அமெரிக்கக் காட்டெருதின் அழிவு பற்றிய அறிக்கையில், வட அமெரிக்கா முழுவதிலும் 1,091 காட்டெருதுகளே உயிருடன் உள்ளன என்று இவர் கணக்கிட்டார். அவற்றில் பாதுகாப்பின்றிச் சுதந்திரமாகத் திரிந்தவை ஐக்கிய அமெரிக்காவில் 85 மட்டுமே.

1905இல் அமெரிக்கக் காட்டெருதுச் சங்கம் நிறுவப்பட்டபோது ஹார்னடே அதன் தலைவரானார். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மதிப்புறு தலைவராக இருந்தார். 1907இல் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலையில் வளர்க்கப்பட்ட 15 காட்டெருதுகள் தொடர்வண்டி மூலம் ஒக்லகோமாவின் விச்சிட்டா மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டன. 1908இல் அமெரிக்கப் பேரவை மொன்டானாவில் தேசியக் காட்டெருதுக் காப்பகத்தை உருவாக்கியது.

விலங்குக்காட்சிச்சாலைகள்

1889இல் சட்டத்தின் வழி உருவாக்கப்பட்ட வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச்சாலையின் முதல் கண்காணிப்பாளராக ஹார்னடே நியமிக்கப்பட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1890இல் பதவி விலகினார். சில ஆண்டுகள் பஃபலோ நகரில் நிலம் விற்கும் தொழிலில் ஈடுபட்டிருந்தபின், 1896இல் நியூ யார்க் விலங்கியல் கழகம் இவரை இயக்குநராக அழைத்தது. பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலை 1899 நவம்பர் 8இல் திறக்கப்பட்டது. 1926இல் ஓய்வு பெறும்வரை ஹார்னடே அங்குப் பணியாற்றினார்.

ஓட்டா பெங்கா நிகழ்வு

1906 செப்டம்பரில் ஓட்டா பெங்கா என்னும் காங்கோ நாட்டு இளைஞர் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலையின் குரங்குக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டார். இதற்கு ஹார்னடே நேரடிப் பொறுப்பாளராவார். ஆப்பிரிக்க அமெரிக்கத் திருச்சபைப் போதகர்கள் கடுமையாக எதிர்த்ததை அடுத்து அக்காட்சி நிறுத்தப்பட்டது. தாம் செய்தது தவறு என்று ஹார்னடே ஏற்றுக்கொள்ளவில்லை. ஓட்டா பெங்கா 1916இல் தற்கொலை செய்துகொண்டார். விலங்கியல் கழகத்தின் வழிவந்த காட்டுயிர்ப் பாதுகாப்புக் கழகம் 2020இல் இந்நிகழ்வுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது.

தானேற்றித் துப்பாக்கிகளுக்கு எதிரான இயக்கம்

பின்னணி

ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் இயக்கித் தோட்டாவை ஏற்றவேண்டிய துப்பாக்கிகளே 19ஆம் நூற்றாண்டு வேட்டையில் பயன்பட்டன. அரைத்தானியங்கித் துப்பாக்கியில், வெடிப்பின்போது எழும் பின்னுதைப்பு அல்லது வளிமத்தின் ஆற்றலே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். எனினும் விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டே வெளியேறும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் முழுத்தானியங்கித் துப்பாக்கியிலிருந்து இது வேறுபட்டது. ஆயினும் அக்காலச் சட்டங்களும் ஹார்னடேயின் எழுத்துகளும் அரைத்தானியங்கியையும் தானியங்கி என்றே குறிப்பிட்டன.

ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இவ்வகை ஷாட்கன்னுக்கு 1900இல் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதனை 1905 முதல் அமெரிக்காவில் தயாரித்தது. அவரே வடிவமைத்த அரைத்தானியங்கி வேட்டை ரைபிளை அந்நிறுவனம் 1906இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வின்செஸ்டர் நிறுவனமும் 1903 முதல் இத்தகைய ரைபிள்களை விற்றுவந்தது.

ஹார்னடேயின் நிலைப்பாடு

ஹார்னடே வேட்டைக்கு எதிரானவர் அல்லர், தாமே வேட்டைக்காரர். விலங்குக்குத் தப்பும் வாய்ப்பை அளிக்காத வேட்டை, வேட்டை ஆகாது என்பது இவர் கருத்து. இருகுழல் துப்பாக்கி தரும் இரண்டு குண்டுகளே பறவை வேட்டைக்குப் போதும் என்று இவர் வாதிட்டார். பறவைக் கூட்டத்தை நோக்கி ஐந்து குண்டுகளை நொடிப்பொழுதில் சுடக்கூடிய கருவி, வேட்டைக்காரரைக் கொலையாளியாக மாற்றிவிடும் என்று எச்சரித்தார். கையால் இயக்கப்படும் பம்ப் வகைத் துப்பாக்கிகளையும் இவர் இதே காரணத்தால் எதிர்த்தார். துப்பாக்கியின் வேகம் கூடிக்கொண்டே போக, பறவைகளின் இனப்பெருக்க வேகம் மாறாமல் இருப்பதே இவரது வாதத்தின் மையமாகும். 1913இல் வெளியான 'மறைந்துவரும் நம் காட்டுயிர்கள்' என்னும் நூலில் இதனை விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே, கோடிக்கணக்கில் வாழ்ந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது.

எதிர்வாதங்கள்

துப்பாக்கி நிறுவனங்களும் வேட்டைக்காரர்களுள் ஒரு பகுதியினரும் இவரை மறுத்தனர். அழிவுக்குக் காரணம் கருவி அன்று, அதைப் பயன்படுத்துபவரின் பேராசையே என்றும், ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடிய எண்ணிக்கையை வரையறுத்துவிட்டால் எவ்வகைத் துப்பாக்கி என்பது பொருட்டன்று என்றும் அவர்கள் கூறினர். இரண்டாவது குண்டு விரைவாகக் கிடைப்பதால் காயமுற்ற விலங்கு துன்புறாமல் உடனே இறக்கும் என்பதும், பின்னுதைப்பு குறைவாக இருப்பதால் உடல்வலுக் குறைந்தவர்களுக்கு ஏற்றது என்பதும் இத்துப்பாக்கிகளுக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணங்களாகும்.

இவ்வாதத்துக்கு ஹார்னடேயின் சொந்த அறிக்கையிலேயே ஆதாரம் உண்டு. காட்டெருதுகளைக் கொன்று குவித்தவர்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே தோட்டா கொள்ளும் ஷார்ப்ஸ் வகை ரைபிள்களையே பயன்படுத்தினர். மறைந்திருந்து ஒவ்வொன்றாகச் சுட்ட அவர்களுக்கு வேகம் தேவைப்படவில்லை. தோல் வணிகமும், சட்டக் கட்டுப்பாடு இல்லாமையும், தொடர்வண்டிப் பாதையுமே அப்பேரழிவை நிகழ்த்தின. ஹார்னடேயும் இதை உணர்ந்திருந்தார். துப்பாக்கித் தடையை மட்டும் நம்பாமல், காட்டுயிர் இறைச்சி விற்பனைத் தடை, வேட்டைக் காலச் சுருக்கம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்காகவும் இவர் ஒருசேரப் போராடினார்.

துப்பாக்கி நிறுவனங்களின் நிதி

1911இல் துப்பாக்கி, வெடிமருந்து நிறுவனங்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வழங்க முன்வந்ததை, பறவைப் பாதுகாப்பில் முன்னணியில் இருந்த தேசிய ஆடபன் சங்கங்களின் கூட்டமைப்பு முதலில் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு அமைப்பு துப்பாக்கி வணிகர்களின் பணத்தைப் பெறுவது முறையன்று என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் ஹார்னடே குறிப்பிடத்தக்கவர். கூட்டமைப்பு விரைவிலேயே அந்நிதியை மறுத்துவிட்டது. அதே ஆண்டில் அந்நிறுவனங்களின் ஆதரவுடன் வேட்டை விலங்குப் பாதுகாப்புக்கெனத் தனிச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. வணிகர்களிடம் கடன்படாமல் இயங்குவதற்காக ஹார்னடே நன்கொடை திரட்டி நிலையான காட்டுயிர்ப் பாதுகாப்பு நிதியத்தை நிறுவினார்.

பென்சில்வேனியாச் சட்டம்

ஹார்னடேயின் நண்பர் ஜான் பிலிப்ஸ் பென்சில்வேனியா மாநில வேட்டை ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். 1907இல் அம்மாநிலம் தானேற்றித் துப்பாக்கிகளை வேட்டையில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பிற மாநிலங்களில் பெரும்பாலானவை இத்தகைய தடையை ஏற்கவில்லை.

இதே மாநிலம் 1909இல் இயற்றிய மற்றொரு சட்டம், குடியுரிமை பெறாத வெளிநாட்டினர் வேட்டையாடுவதையும், அதற்கென ஷாட்கன், ரைபிள் வைத்திருப்பதையும் தடை செய்தது. இத்தாலியக் குடியேறிகளே பாடும் பறவைகளைக் கொல்கின்றனர் என்று குற்றஞ்சாட்டிய ஹார்னடே அச்சட்டத்தைப் பாராட்டினார். 1914இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லத்தக்கது என்று தீர்ப்பளித்தது. எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியுடன் யார் கையில் துப்பாக்கி என்ற கேள்வியும் அக்காலப் பாதுகாப்பு இயக்கத்தில் கலந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. ஹார்னடேயின் இனப்பாகுபாட்டு நோக்கு இதில் வெளிப்படுவதாக வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

பிற சட்டங்கள்

காட்டுயிர் இறைச்சி விற்பனையைத் தடை செய்த நியூ யார்க்கின் பெய்ன் சட்டம் (1911), கடல்நாய்களைக் காக்கும் வட பசிபிக் உடன்படிக்கை (1911), அலங்காரப் பறவையிறகுகளின் இறக்குமதிக்குத் தடை (1913) ஆகியவற்றுக்கு ஹார்னடேயின் பரப்புரை துணைநின்றது. வலசைபோகும் பறவைகளை நடுவண் அரசின் பாதுகாப்பில் கொண்டுவந்த 1913, 1918ஆம் ஆண்டுச் சட்டங்களையும் இவர் ஆதரித்தார். 1931இல் 'காட்டுயிர்களுக்கான முப்பது ஆண்டுப் போர்' என்னும் நூலை வெளியிட்டார்.

1935இல் ஐக்கிய அமெரிக்க அரசு நீர்ப்பறவை வேட்டையில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் ஷாட்கன்னைத் தடை செய்தது. இதனால் அரைத்தானியங்கி, பம்ப் வகைத் துப்பாக்கிகளின் தோட்டா அறையில் அடைப்பான் பொருத்தவேண்டியதாயிற்று. துப்பாக்கி வகையைத் தடுக்காமல் அதன் கொள்ளளவைக் குறைத்த இவ்விதி, இரு தரப்பு வாதங்களுக்கும் இடைப்பட்ட தீர்வாக அமைந்தது.

மறைவும் பின்விளைவும்

ஹார்னடே 1937 மார்ச் 6இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் காலமானார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ஒரு மலைக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அமெரிக்கச் சாரணர் இயக்கம் இவர் பெயரில் வழங்கிவந்த இயற்கைப் பாதுகாப்பு விருதை, இவரது இனப்பாகுபாட்டுச் செயல்களைக் கருத்தில் கொண்டு 2020இல் நிறுத்திப் புதிய பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தியது.

வாஷிங்டனில் இவர் அமைத்த காட்டெருதுக் காட்சித்தொகுதி 1957இல் கலைக்கப்பட்டபோது, அதன் அடியில் உலோகப்பெட்டி ஒன்று கிடைத்தது. தம் வேலைப்பாட்டைப் பாதுகாக்குமாறு வருங்கால அலுவலருக்கு ஹார்னடே எழுதிய குறிப்பு அதனுள் இருந்தது. அவ்விலங்குகள் பின்னர் மொன்டானாவின் ஃபோர்ட் பென்டனில் மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பென்சில்வேனியாவில் அரைத்தானியங்கி ரைபிள் மீதான தடை நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2016 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், இதுபற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநில வேட்டை ஆணையத்திடம் அளித்தது. மான் உள்ளிட்ட பெரிய விலங்குகளுக்கும் அனுமதிக்க ஆணையம் முதலில் எண்ணியது. ஆனால் வேட்டை உரிமம் பெற்றோரிடையே நடத்திய கணக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இதனை எதிர்த்தனர். எனவே 2017இல் சிறு விலங்குகளுக்கும் மென்மயிர்த் தோலுக்காகப் பிடிக்கப்படும் விலங்குகளுக்கும் மட்டுமே அரைத்தானியங்கி ரைபிள் அனுமதிக்கப்பட்டது. அன்று தடையை நீட்டிக்க விரும்பியவர்களுள் பெரும்பாலோர் ஹார்னடேயைப் போலவே வேட்டைக்காரர்களாக இருந்தனர்.