தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்

மக்கள் வாழ்வில் ஒதுக்கம் என்பது ஒரு பெருந்துயர். நோயால் ஒதுங்குவோரும், கைம்மையால் ஒதுக்கப்படுவோரும், முதுமையால் மறக்கப்படுவோரும் எவ்வூரிலும் உளர். வெள்ளகோவிலைச் சூழ்ந்த நம் ஊர்களிலும், ஆசாரத்து மூலையில் கட்டிலே உலகமெனக் கிடக்கும் பாட்டிமாரையும், மங்கலக் காரியங்களில் முன்வராது பின்கட்டில் நின்றுவிடும் தாய்மாரையும் காணாதவர் யாவர்? அன்னோர் வாழ்வு இனிப் பயனற்றதென வாய்விட்டுச் சொல்லாவிடினும், உள்ளத்தே எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்வாற் காட்டிய ஒரு கிறிஸ்தவ மாதரசியின் வரலாற்றை ஈண்டு உரைப்போம்.

ஏமி கார்மைக்கேல் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, அயர்லாந்தின் வடபாலுள்ள மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரிற் பிறந்தார். மக்கள் எழுவருள் இவரே மூத்தவர். தந்தையார் 1885-ல் காலமாயினார். பெல்பாஸ்டு நகரின் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக இளமையிலேயே உழைத்த அம்மையார், 1893-ல் சமயத் தொண்டு கருதி ஜப்பான் சென்றார். உடல்நலங் குன்றியதால் அங்கு நெடுநாள் தங்க இயலவில்லை. 1895-ல் பெங்களூர் வந்து, பின்னர்த் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். இந்தியா வந்தபின் 55 ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர். தமிழ் கற்றார், சேலை உடுத்தார், தமிழ்ப் பெண்கள் சிலரைத் துணைக்கொண்டு ஊர்தோறுஞ் சென்று தம் சமயத்தை எடுத்துரைத்தார்.

அத்துணைவியருள் தலையாயவர் பொன்னம்மாள் என்னும் இளங்கைம்பெண். கணவனை இழந்தபின் வீட்டினுள் ஒடுங்கிக் கிடக்க வேண்டியிருந்த அவர், வெளிவந்து தொண்டில் இறங்கியதும் ஏமி அம்மையாருக்கு வலக்கையாயினார். கைக்குழந்தைகள் பலரைத் தாயினும் பரிந்து காத்தார். 1915-ல் அவர் நோயால் இறந்தபோது, அம்மையார் பெருந்துயருற்று, பின்னர் அவர்தம் வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

1901-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவள் வாயிலாக அவ்வழக்கின் கொடுமையை அறிந்த அம்மையார், அத்தகைய குழந்தைகளைக் காப்பதே தம் கடனெனக் கொண்டார். 1827-ல் ஜெர்மானியப் பிரபு தோனா என்பாரின் பொருளுதவியால் தோன்றி, அவர் பெயரையே தாங்கிய தோனாவூர், அவர்க்கு நிலைத்த இருப்பிடமாயிற்று. குழந்தைகள் பல்கினர், 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். அக்குடும்பத்தில் சாதி வேற்றுமைக்கு இடமிருந்ததில்லை. அனைவரும் அவரை அம்மா என்றே அழைத்தனர்.

இங்ஙனம் ஓயாது நடமாடிய கால்கள் 1931-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி ஓய்ந்தன. அன்று காலை, மேலும் நன்கு தொண்டு செய்யத் தம்மைத் தகுதியாக்குமாறு அவர் இறைவனை வேண்டியிருந்தார். அன்று மாலையே, களக்காட்டில் மருந்தகத்திற்கென அமர்த்திய வீட்டைப் பார்க்கச் சென்றவர், மங்கிய ஒளியில், இருக்கத்தகாத இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியில் வீழ்ந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் ஊறுற்றது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உயிர் தப்பினார், ஆயினும் முன்போல் நடமாடும் நிலை மீளவேயில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓர் அறையே அவர்தம் உலகமாயிற்று.

அவ்வறை சிறையாயிற்றா? இல்லை. வலி நீங்கவில்லை; உறக்கம் அரிதாயிற்று. எனினும் அங்கிருந்தே பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். நலமுடையோர் நோயாளர்க்கென எழுதிய ஆறுதல் மொழிகள் தம் நோவைத் தொடாமை கண்டு, நோயாளர் ஒருவர் நோயாளர்க்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூல் செய்து 1933-ல் வெளியிட்டார். குழந்தைகளும் தொண்டர்களும் கட்டிலருகே வந்து அறிவுரை பெற்றுச் சென்றனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-ல் சட்டத்தால் விலக்கியதையும் அவர் உயிரோடிருந்து கண்டார். 1948-ல் அறையினுள்ளே மீண்டும் வீழ்ந்து, முற்றும் படுக்கையரானார். 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, தம் 83-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டாமென்ற அவர் விருப்பப்படி, தோனாவூரில் அவரை அடக்கிய இடத்தே பறவைகள் நீருண்ணும் கற்றொட்டி ஒன்றே நிற்கின்றது.

அன்பர்காள்! இவ்வரலாற்றில் இருவகை ஒதுக்கங்களைக் காண்கின்றோம். ஏமி அம்மையாரின் ஒதுக்கம் விபத்தால் வந்தது. அதனை அவர் தவமாக மாற்றிக்கொண்டார். பொன்னம்மாளின் ஒதுக்கமோ மனிதரால் வந்தது. அதிலிருந்து அவர் வெளியேற வேண்டியிருந்தது. முன்னதைப் பொறுத்தல் பெருமை. பின்னதைப் பொறுக்குமாறு பிறரை விதித்தல் சிறுமை. மேலும், அம்மையாரின் அறை பயன் நிறைந்ததாயிருந்தமைக்கு அவர்தம் மனவலிமை மட்டுமன்று, அக்கதவைத் தேடி நாள்தோறும் பிறர் வந்தமையும் காரணமாகும். நம் வீட்டு மூலையில் கிடக்கும் மூதாட்டியின் அருகே ஒரு நாழிகை அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்போமாக. மணவறை அருகே வரத் தயங்கும் கைம்பெண்ணை, அக்கா வா, அத்தை வாருங்கள் என்று கைப்பற்றி முன்னே அழைப்போமாக. அவர்களால் ஆகவேண்டிய பணி இன்னும் எத்தனையோ உண்டு; அதற்கு வாயில் திறந்துவிடுவதே நம் கடன்.