பிளேக்கை எதிர்த்து நின்ற ஹாப்கின்

நம் முன்னோருட் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே இலங்கைக்குக் கப்பல் ஏறினர் என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் வாந்திபேதிக்கும் பிளேக்குக்கும் ஊரே நடுங்கிற்று. அவ்விரண்டுக்கும் தடுப்பூசி கண்டவர் வால்டெமார் ஹாப்கின். மருத்துவ ஆராய்ச்சியை நாடும் நம் வாலிபர்கள் அவரது சரிதையை அறிந்திருத்தல் நன்று.

1860ஆம் ஆண்டு ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மெச்னிகோவ் என்னும் பேராசிரியரிடம் விலங்கியல் கற்றார். யூதராயிருந்தமையால் ரஷ்யாவில் அவருக்கு உயர்பதவி கிட்டவில்லை. பாரிஸ் சென்று, பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் நூலக உதவியாளராக அமர்ந்தார். அங்கிருந்தே ஆராய்ச்சியில் முன்னேறி, 1892 ஜூலை 18ஆந் திகதி வாந்திபேதித் தடுப்பு மருந்தை முதன்முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்.

1893இல் இந்தியா வந்தார். கல்கத்தாச் சேரிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் ஊசி போட்டார். நம்மைப் போன்ற தோட்ட மக்களும் அவரால் நன்மையடைந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியிற் கிடைத்த சிறிய இடத்தில் இராப்பகலாக உழைத்தார். 1897 ஜனவரி 10ஆந் திகதி அந்த மருந்தையும் முதலில் தமக்கே ஏற்றிக்கொண்டார்.

பின்னர் வந்தது சோதனைக் காலம். 1902 அக்டோபர் 30ஆந் திகதி பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் ஏற்புவலி கண்டு மாண்டனர். அந்தப் பத்தொன்பதின்மரும் 53 என்ற இலக்கமிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். பழி ஆராய்ச்சிக்கூடத்தின்மேல் விழுந்தது. ஹாப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார்.

புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறைப்படி சுத்தஞ் செய்யப்படாமலே தக்கையை எடுக்கப் பயன்பட்டதும் விசாரணையில் வெளிப்பட்டிருந்தன. ஆயினும் நீதி மெல்லவே வந்தது. 1907இல் ரொனால்ட் ரொஸ் முதலிய அறிஞர்கள் பகிரங்கமாக அவருக்காக வாதாடினர். பின்னர் அவர் கல்கத்தாவிற் பணியேற்றார். 1925இல் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிற்சர்லாந்தில் காலமானார்.

ஆய்வுகூடத்தில் கருவியைச் சுடரிற் காட்டுவதும், போத்தலுக்கு இலக்கமிட்டுக் குறிப்பெழுதுவதும் அலுப்பான வேலைகள் என்று நாமும் எண்ணியதுண்டு. அவற்றுள் முன்னதைத் தவறவிட்டமையால் 19 உயிர்கள் போயின. ஒரு நல்லவரின் பெயர் ஐந்தாண்டுகள் மாசுபட்டது. பின்னது இருந்தமையாலேயே கேடு ஒரு புட்டிக்குள் அடங்கியதென்பது விளங்கிற்று.

கரவனெல்லத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் தம்பி தங்கையரே! தம் உடலைப் பணயம் வைத்த ஹாப்கினின் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதரிது. கீழே விழுந்த இடுக்கியைச் சுத்தஞ் செய்யும் பொறுமை எல்லோருக்கும் கைகூடுவதே. அதனை முதலிற் பழகுவோமாக!